ஆடி முழுக்கத் தொங்கிய சீஸ் இழை

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உடுமலைப்பேட்டை ஹவுசிங் யூனிட்டில், என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காக நான் ஒரு வட்டச் சீஸை ஓவனில் வைத்துச் சுட்டேன். அதை அவர்கள் தின்றார்கள், தின்ற வாயிலிருந்து நீண்ட இழை அறுபடவில்லை, ஆடி முழுக்க அறுபடவில்லை, ஆவணி பிறந்த பிறகும் அறுபடவில்லை. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை நாங்கள் எப்படிச் சகித்துக்கொண்டோம் என்கிற கதை, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு இனிப்பு, ஒரு காரம், ஒரு காபி, அதோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுச் சோறு தின்றுவிட்டால் பெண்ணை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவ்வளவு ஜாக்கிரதை. அப்படி என் வீட்டுக் கேசரியையும் வடையையும் தின்றுவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள் மூன்று குடும்பம், மூன்றிலிருந்தும் தகவல் வரவில்லை. என் மகள் மிருதுளாவுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. நான்காவதாக வரவிருந்த பையன் கௌரிசங்கருக்கு வெளிநாட்டில், ராட்டர்டாமில் வேலை, சொந்த ஊர் தாராபுரம். அவனுடைய அம்மா வசந்தாமணி மூன்று நாள் முன்னதாகவே போன் செய்துவிட்டாள்.

"எங்க பையன் பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் தொட மாட்டானுங்க. அவனுக்குச் சீஸ்தானுங்க. சுடச்சுட இருக்கோணும், எடுத்தா ஒழுகோணும்."

டிபனும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல், வழக்கத்துக்கும் பங்கம் வராமல், வந்தவர்களின் வாயையும் அடைக்கிற மாதிரி ஒரு பண்டம் கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் நான் கெட்டேன்.

என் நாத்தனார் வீட்டுக்காரர் கொடைக்கானலிலிருந்து அதை வாங்கி வந்து கொடுத்தார். காகிதத்தைப் பிரித்ததுமே மழைக்காலத்தில் மூன்று நாள் காயாத சாக்ஸின் வாடை சமையலறை முழுக்க அடித்தது. மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே சீழ் கோத்த கட்டி மாதிரிக் குழைந்தது. பால் திரிந்துபோனால் வீதியில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற வீடு என்னுடையது. அந்த வீட்டில், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, வீடியோவில் ஒரு பெண் சொன்னபடியே அதன் மேல்தோலைக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கீறலுக்குள் பூண்டைச் செருகி, முந்திரியை இடித்துத் தூவி, மேலே தேன் ஊற்றி, கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து ஓவனுக்குள் தள்ளினேன். இருபது நிமிடத்தில் அது உப்பியது, வியர்த்தது, கீறல் வழியாக நுரை தள்ளியது. கண்ணாடிக் கதவு வழியாக மிருதுளா எட்டிப் பார்த்தாள்.

"ம்மா, இது அழுகிப்போச்சும்மா. இதையா திங்கக் குடுக்கப் போற?"

"அழுகலை, பதமாயிருக்குது. வாய மூடிட்டுப் போய்ச் சேலையக் கட்டு."

வந்தார்கள். கௌரிசங்கர், வசந்தாமணி, அவள் புருஷன் நாச்சிமுத்து, தரகர் பொன்னுரங்கம், ஒரு வேன் நிறைய உறவு. ரொட்டியை நீள நீளமாக வெட்டி முறுக வைத்திருந்தேன். அதை உள்ளே குத்தி, சுழற்றி, தூக்கி, தலையை அண்ணாந்து, தொங்குகிற இழையை நாக்கால் பிடித்து அவர்கள் தின்ற தினுசைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. முகவாயில் வழிந்ததைத் துடைத்த விரலையும் விடவில்லை, அதையும் நக்கினார்கள். என் வீட்டுக்காரர் சென்னியப்பன், விருந்தாளியோடு சேர்ந்து சாப்பிடுவதுதான் மரியாதை என்று அவரும் தின்றார். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் எதையும் தின்று பழக்கமில்லாததால் எதிர்வீட்டு சுலோச்சனாவுக்கும், பக்கத்து வீட்டில் சர்க்கரை வியாதியோடு இருந்த ஓய்வுபெற்ற தாசில்தாருக்கும், இன்னும் ஆறேழு வீட்டுக்கும் கிண்ணத்தில் போட்டு அனுப்பினேன். எனக்கு மிஞ்சவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

கடைசியில் வசந்தாமணி, மகன் பாதி கடித்து வைத்திருந்த ரொட்டித் துண்டை எடுத்தாள், அவன் எச்சில் பட்ட பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது, அதை அப்படியே என் மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஒரு வாய் வாங்கிக்க அம்மிணி. இனி உனக்கு இதுதான்."

மிருதுளா வாயைத் திறந்து வாங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். மென்றிருக்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பிவிடவா என்று கேட்டது அந்தப் பார்வை. முழுங்கு என்று நான் கண்ணால் சொன்னேன். முழுங்கினாள்.

அவர்கள் எழுந்தபோது இழைகளும் எழுந்தன. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒன்று, உதட்டோரத்தில் தொடங்கி மேசை மேல் இருந்த கண்ணாடிப் பாத்திரம் வரைக்கும், கிண்ணம் போன வீட்டு வாய்களிலிருந்தும் அப்படியே. கௌரிசங்கர் வாய்க்கும் என் மகள் வாய்க்கும் நடுவே தனியாக இன்னொன்று. வாசல் வரை போனார்கள், நீண்டது. வேனில் ஏறினார்கள், நீண்டது. "நல்ல சரக்குங்க, இழுவை விடுறதில்லை" என்று நாச்சிமுத்து பாராட்டிவிட்டு வேன் கதவைச் சாத்தினார், கதவிடுக்கு வழியாக இழைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வர, வேன் தாராபுரம் ரோட்டில் போயே போய்விட்டது. மறுநாள் காலையிலும் இழைகள் அப்படியே ஜன்னல் கம்பி வழியாக வெளியேறி, வீதியைத் தாண்டி, லேசான சூட்டோடு, நெய்ப்பிசுக்கோடு தொங்கிக்கொண்டிருந்தன. தரகர் பொன்னுரங்கம் வந்து பார்த்துவிட்டுத் தன் இழையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு காபி குடித்தார்.

"இதுக்கு மேல சம்மதம்னு வாயால வேற சொல்லோணுமாக்கும்? அவங்களே விட்டுட்டுப் போகலையே. ஆடி போகட்டும், ஆவணி மொத முகூர்த்தத்துல உறுதி பண்ணிப்போடலாம்."

ஜோசியரும் வந்து பார்த்தார். அறுக்கக் கூடாது, பாத்திரத்தைக் கழுவக் கூடாது, அமங்கலம் என்றார்.

எங்கள் ஊர் ஆடிக்காற்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது கணவாய் வழியாகக் கிளம்பி வந்து கொடியில் காய்கிற வேட்டியை அடுத்த வீதிக்குக் கொண்டுபோகிற காற்று. அந்தக் காற்றில் அத்தனை இழைகளும் ஆடின, புழுதியை அள்ளி ஒட்டவைத்துக்கொண்டன, கொசுவும் ஈசலும் கோழி இறகும் யார் தலைமயிரோ தெரியாத மயிரும் ஒட்டிக் கறுத்துத் தடித்தன. நாய்கள் பின்னங்காலில் நின்று நக்கின. எறும்பு சாரை சாரையாகத் தாராபுரத்திலிருந்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் நடந்தது. நாலு நாள்தான் ஊர் மூக்கைச் சுளித்தது, ஐந்தாம் நாள் பழகிவிட்டது. லாரிக்காரர்கள் மூங்கில் கழியால் இழையைத் தூக்கிவிட்டு அடியில் போனார்கள். லைன்மேன் வந்து மின்கம்பத்தில் அதற்கென்று ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார். பெண்கள் ஜாக்கெட்டும் பாவாடையும் காயப்போட்டார்கள், துணியெல்லாம் மோர் வாடை அடித்தாலும் கொடிக்கயிறு மிச்சம் என்றார்கள். வார்டு கவுன்சிலர், திருவிழாத் தோரணத்தை அதிலேயே கட்டிவிடலாம் என்றார், கட்டியும் விட்டார். ஒருவருக்காவது இது என்ன அசிங்கம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதைவிட அசிங்கம் ருசி. இழை வழியாக ருசி போனது. ஒரு வாயில் போட்டது அத்தனை வாயிலும் தெரிந்தது. ஆடி வெள்ளி விரதத்தில் இருந்த சுலோச்சனாவின் நாக்கில் நாச்சிமுத்து கடித்த ஆட்டு ஈரல் வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு நாள் அழுதாள், மறுவாரம் தானாகத் தின்றால்தான் பாவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து அனுபவித்தாள். சர்க்கரைக்காரத் தாசில்தார் தாராபுரத்துக்குப் போன் போட்டு, "சாயங்காலம் கொஞ்சம் மைசூர்பாக்கு எடுத்துக்குங்க, நெய் கூட இருக்கட்டும்" என்று வசந்தாமணியிடம் கேட்டு வாங்கினார். பாகற்காய் யாரும் சமைப்பதில்லை என்று வீதியில் பேசி முடிவு செய்தார்கள். அடுத்தவர் வாயில் ஊறின எச்சிலைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, ஒற்றுமை ஒற்றுமை என்று இவர்கள் பூரித்ததைப் பார்க்கையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது, நாலு வாடை அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும் என்று ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு இருந்தேன்.

கௌரிசங்கர் ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டான். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்தவர் இழையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுதுங்களா?" என்று மட்டும் கேட்டாராம். இழை மலை தாண்டி, கடல் தாண்டி, ராட்டர்டாம் வரைக்கும் நீண்டது. அதற்குப் பிறகுதான் மிருதுளா சாப்பிடுவதைக் குறைத்தாள். முதலில் காலைப் பலகாரத்தை விட்டாள், பிறகு மதியச் சோற்றை நாலு பருக்கையாக்கினாள். ஒரு நாள் அரிவாள்மனையில் உட்கார்ந்து இழையை வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள், அரிவாள்மனைதான் வழுக்கியது. கத்திரிக்கோல் வைத்தாள், மெழுகுவத்தி வைத்தாள், உதட்டில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தது.

"என்ன கண்ணு உனக்கு? ஊரே சந்தோஷமா இருக்குது."

"அவன் வாய் எப்பவும் என் வாய்க்குள்ளயே இருக்குதும்மா. சிகரெட் குடிக்கிறான், பல்லு வெளக்காம பீர் குடிக்கிறான், எல்லாம் எனக்கு வருது."

"எல்லாருக்குந்தான் வருது."

"அது இல்லம்மா." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற இழைய வேணும்னே உறிஞ்சறான். அவன் நாக்கு என் நாக்கு மேல வர்ற மாதிரி இருக்குது. வேண்டாம்னு சொன்னேன். சிரிக்கிறான். உறிஞ்சிப்போட்டுப் போன் பண்ணி, இப்பத் தெரிஞ்சுதான்னு கேக்கறான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ. எனக்கு அருவருப்பா இருக்குதும்மா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் செய்தது, அவள் தலையைத் தடவிவிட்டு, "விளையாட்டுக்குப் பண்ணுவாப்ல. கட்டிக்கப் போறவருதான? பழகிப்போகும்" என்றேன். அவள் என் கையைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவர்கள் உறுதி செய்ய வந்தார்கள். கௌரிசங்கரும் வந்தான், இழை அவனைச் சுற்றிச் சுருள் சுருளாகத் திரும்பி வந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தட்டு தட்டாகப் பழமும் பூவும் சேலையும் வைத்து, வீதியே வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் அந்தக் கண்ணாடிப் பாத்திரம், ஒன்றரை மாதமாகக் கழுவாதது, மூலையில் கருகி ஒட்டின ஒரு வாய்ச் சீஸோடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வசந்தாமணி அதைச் சுட்டிக் காட்டினாள்.

"சம்பந்தியம்மா மட்டும் இன்னும் சாப்பிடலைங்களே. அந்தக் காந்தலச் சொரண்டி வாயில போடுங்க. அப்பறம் தட்ட மாத்திக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்பூனால் சுரண்டினேன். பொருக்கு கிளம்பியது, அடியில் மஞ்சளாக எண்ணெய் கசிந்தது, ஒரு செத்த எறும்பும் கூடவே வந்தது. வாயில் போட்டேன்.

முதலில் வசந்தாமணியின் வெற்றிலையும் சொத்தைப் பல்லும் வந்தன, அதன் பின்னால் நாச்சிமுத்துவின் மூக்குப்பொடி வந்தது, தாசில்தாரின் மாத்திரைக் கசப்பு வந்தது, சுலோச்சனாவின் காபி வந்தது, என் புருஷனின் காலைநேரத்து வாய் வந்தது, முப்பது வருஷமாகத் தெரிந்த வாய், கௌரிசங்கர் வெளியே நின்று அவசரமாகப் பிடித்துவிட்டு வந்த சிகரெட் வந்தது. இத்தனை எச்சிலும் கலந்து ஒரு சாக்கடையாக என் நாக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றுக்கும் அடியில், காரலாக, வழுவழுப்பாக, தொண்டையை எரித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. குளிக்கிற சோப்பு.

யார் வாயில் சோப்பு? ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் மகளிடம் நின்றேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உதட்டோரம் வெள்ளையாக வெடித்து உட்கார்ந்திருந்தாள்.

"சோப்பா கண்ணு?"

"ம்."

"எத்தன நாளா?"

"ஆடி ஒண்ணாந்தேதில இருந்தும்மா. நாக்குல போட்டுத் தேய்ச்சுக் கழுவிக்குவேன். அவன் உறிஞ்சறப்பெல்லாம்."

பின்னாலிருந்து சுலோச்சனா ஆச்சரியத்தோடு சொன்னாள். "அதுங்களாக்கா? எங்களுக்கெல்லாம் ஒரு மாசமா வருதுங்களே. நீங்க பாத்திரத்தச் சரியா அலசறதில்லையாட்டம் இருக்குதுன்னு வீதியில பேசிக்கிட்டோம்." ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. அத்தனை பேர் வாயிலும் என் பெண்ணின் சோப்பு இருந்திருக்கிறது, அத்தனை பேரும் முழுங்கிவிட்டு அடுத்த மைசூர்பாக்குக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் கௌரிசங்கர் என் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உதட்டைக் குவித்தான். கன்னம் குழிந்தது. நடுவில் தொங்கின இழை விறைத்தது. மிருதுளாவின் கை சேலை மடிப்பை இறுக்கிப் பிடித்தது. அவள் தொண்டையில் பித்தம் மேலே வந்தது, அது என் தொண்டையிலும் வந்தது, அதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே தள்ளினாள். அதையும் நான் ருசித்தேன். என் மகள் எவ்வளவு நேர்த்தியாக முழுங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான்தான் கண்ணாலேயே கற்றுக்கொடுத்தேன், அந்தக் கண்ணை நோண்டினால் என்ன?

எழுந்து போய் அவள் பின்னால் மண்டி போட்டேன். இடது கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன்.

"கக்கு கண்ணு."

"ம்மா, எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். கக்கு."

வலது கை விரல் இரண்டையும் அவள் தொண்டைக்குள் விட்டேன். அவள் உடம்பு ஒரு முறை வில்லாக வளைந்தது. அப்புறம் வந்தது, ஒன்றரை மாதம் சேர்த்து வைத்தது, பூத்தட்டின் மேலும் பழத்தட்டின் மேலும் புளித்த பாலும் பித்தமும் சோப்பு நுரையுமாகக் கொட்டியது. அந்த ருசி அத்தனை இழையிலும் ஒரே நேரத்தில் ஓடியது. இதை முழுங்க ஒருவராலும் முடியவில்லை. முதலில் வசந்தாமணி தன் பட்டுச்சேலை மடியிலேயே வாந்தி எடுத்தாள், அப்புறம் நாச்சிமுத்து, தரகர், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தாசில்தார், வாசலில் சுலோச்சனா, எதிர்த்த வீட்டில், பக்கத்து வீட்டில், வீதி முழுக்க ஓங்கரிக்கிற சத்தம். கௌரிசங்கர் வாயைப் பொத்தினான், விரலிடுக்கு வழியாகப் பீறிட்டு அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. நானும் எடுத்தேன். கக்கக் கக்க ஒவ்வொரு வாயிலிருந்தும் இழை நழுவிக் கீழே விழுந்தது, ஜன்னல் கம்பியில், தோரணத்தில், லைன்மேனின் கொக்கியில், வராத உறவுகளின் இழை தாராபுரம் ரோட்டின் மேலும் விழுந்திருக்கும். காக்காய்கள் கூட அதைத் தொடவில்லை.

"என்னங்க அசிங்கம் இது!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"அசிங்கந்தானுங்க" என்றேன். "எங்களுக்கு இஷ்டமில்லீங்க. நீங்க கெளம்புங்க."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் வாளியும் விளக்குமாறும் எடுத்து வந்து, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கழுவத் தொடங்கினார். அவர்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

மிருதுளா பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, முழுங்காமல், தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வாயில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு மெதுவாக முழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்து மறுபடியும் காத்திருந்தாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமே இல்லம்மா" என்றாள். "வெறும் தண்ணி."

சொம்பை அண்ணாந்து முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்புக்குக் கையை நீட்டினாள்.